சாமி மேடையில் வைத்த மாத்திரை அட்டை

1

சென்ற மாதம் எனக்கொரு நன்றிக் கடிதம் வந்தது. அதை நான் கிழித்தெறியாமல் வைத்திருப்பதற்கு ஒரே காரணம், இந்தக் குறிப்பை எழுதும்போது அது மேசைமேல் கண்ணெதிரே கிடக்க வேண்டும் என்பதுதான்.

அனுப்பியவர்கள் சுங்கை வே தொழிற்சாலைப் பகுதியில் இயங்கும் சிறிய குடும்பநல நிலையத்தார். அதன் பெயரை எழுதப் போவதில்லை. கடிதத்தோடு அச்சிட்ட துண்டறிக்கை ஒன்றையும் வைத்திருந்தார்கள். வழவழப்பான தாள். முகப்பில் தலை கொள்ளாமல் மல்லிகை சூடிச் சிரிக்கும் ஒரு பெண். உள்ளே, கருத்தடை மாத்திரையை எவ்வாறு உட்கொள்ள வேண்டும் என்னும் தமிழ்க் குறிப்பு. அது நான் எழுதியது. "தங்கள் அழகு தமிழுக்கு நன்றி" என்றது கடிதம்.

நான் எழுதியவை பதினான்கு வரிகள். அவற்றில் அச்சுக்கு வந்தவை பதின்மூன்று.

விடுபட்ட வரியை அச்சுக்கோத்தவர் மறந்திருப்பார் என்று முதலில் எண்ணினேன். பிறகு பார்த்தேன்: அந்த வரி இருந்த இடத்தில் வேறொரு வரியைப் பக்குவமாகப் பதித்திருந்தார்கள். "மாத்திரைகளைப் பாதுகாப்பான இடத்தில் வைக்கவும்." அடுப்பில் சோறு குழைந்து கூழானது; நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்ணைச் சாவின் வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தியது இந்த நான்கு சொற்களைப் போன்ற ஓர் அறிவுரைதான். அதைச் சொன்னவள் நான்.

2

தமிழ்நாட்டில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். மாயவரத்தில் வித்துவான் படிப்பு முடித்த கையோடு திருமணமாகி, எழுபதுகளின் தொடக்கத்தில் கோலாலம்பூருக்கு வந்தவள். கணவர் இரயில்வேயில் எழுத்தர். பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்பில் இரண்டறை வீடு. வந்த ஆண்டே என் சான்றிதழ்களைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறினேன். ஒரு மேசையில் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்த எழுத்தர், "சாப் இல்லையே" என்றார். சாப் என்றால் முத்திரை. என் பல்கலைக்கழகத்தின் முத்திரை இருந்தது. அவர் கேட்ட முத்திரை இல்லை. ஐந்தாண்டுகள் நான் படித்த இலக்கணமும் இலக்கியமும் ஒரு மரக்கட்டையில் ஒட்டிய இரப்பர்த் துண்டுக்கு முன்னால் தோற்றுப்போயின. பிறகு வீட்டிலேயே பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். "டீச்சர்" என்ற பட்டத்தை இந்தத் தெரு எனக்கு முத்திரை கேட்காமலே கொடுத்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மாயவரத்தில் நான் விலக்கு நாள்களைப் பெரிதாகப் பாராட்டியதில்லை. விடுதியில் முப்பது பெண்கள் ஒரே கூடத்தில் படுத்தோம். யார் எதைப் பார்த்தார்கள்? இங்கு வந்த பிறகுதான் அந்த ஐந்து நாள்களும் எனக்குச் சட்டமாயின. மொழி புரியாத ஊரில், எதைப் பிடித்துக்கொண்டால் கரைந்துபோக மாட்டோம் என்ற பதற்றத்தில், ஊரில் நான் கைவிட்டவற்றையெல்லாம் இங்கே தேடி எடுத்துக் கட்டிக்கொண்டேன். அந்த நாள்களில் சாமி அறையின் நிலைப்படியைக் கூடத் தாண்ட மாட்டேன். ஒருமுறை இதைப் பெருமையாக என் தங்கைக்கு எழுதினேன். "அதெல்லாம் இங்கே இப்ப யாரு அக்கா பாக்கறா?" என்று பதில் எழுதினாள். ஊர் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

3

சுங்கை வே நிலையத்துக்கு நான் செவ்வாய்க்கிழமைகளில் போவேன். தொழிற்சாலைப் பெண்களில் தமிழர்கள் நிறையப் பேர். அங்கே பொறுப்பிலிருந்த செவிலியர் சைனாப் மலாய்க்காரர். எனவே மொழிபெயர்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. செவிலியரை இங்கே மிஸ்ஸி என்பார்கள். மிஸ்ஸி சைனாப் கண்டிப்பானவர், நேர்மையானவரும்கூட. மாத்திரை கேட்டு வரும் எந்தப் பெண்ணுக்கும் இரத்த அழுத்தம் அளக்காமல் அட்டையைக் கொடுத்ததில்லை. அதன்பின் கேள்விகள் வரும். சுருட்டோ சிகரெட்டோ பிடிப்பதுண்டா? காலில் எப்போதாவது இரத்தம் கட்டி வீங்கியதுண்டா? தலைவலி வருவதற்குமுன் கண்ணெதிரே ஒளிக்கோடுகள் நெளியுமா? கைக்குழந்தை பால் குடிக்கிறதா? காசநோய்க்கோ வலிப்புக்கோ மருந்து சாப்பிடுகிறாயா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் அட்டை உள்ளே போய்விடும். மருத்துவரிடம் அனுப்பி வேறு வழி பார்க்கச் சொல்வார்.

இந்தக் கேள்விகளையும் விதிகளையும் தமிழில் எழுதித் தரும்படி கேட்டார். எழுதினேன். 'ஹார்மோன்' என்பதை 'இயக்குநீர்' என்றேன். முதல் வாரமே ஒரு பெண், "இது என்னா டீச்சர், எஞ்சின் எண்ணெயா?" என்றாள். அடித்துவிட்டு 'ஹார்மோன்' என்றே எழுதினேன். என் வாழ்நாளில் நான் விட்டுக்கொடுத்த சொற்கள் சில. அவற்றுள் அது ஒன்று.

லெட்சுமி வந்தது அப்படியொரு செவ்வாயன்று. இருபத்தொன்பது வயது. மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. மூன்று பெண் குழந்தைகள். மூன்றும் வயிற்றைக் கீறி எடுத்தவை. மூன்றாவது முறை மருத்துவர் அவளிடம் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்: இன்னொரு கரு தங்கினால் பழைய தழும்பு கிழியும், உயிர் தப்புவது அரிது. அப்போதே கருத்தடை அறுவை செய்திருக்கலாம். ஆனால் அதற்குக் கணவன் கையெழுத்து வேண்டும் என்று படிவம் நீட்டினார்கள். அவள் வயிறு; மூன்று முறை கீறப்பட்டது அவள் தோல்; கையெழுத்து மட்டும் லோரி ஓட்டும் அவள் கணவனுடையது. அவன் "பார்க்கலாம்" என்றான். அவன் தாயார் ஆண் பிள்ளை வேண்டும் என்றார். படிவம் அப்படியே கிடந்தது.

"மாமியாவுக்குத் தெரியாம சாப்புடணும் டீச்சர்," என்றாள் லெட்சுமி. "தெரிஞ்சா தெருவுல இழுத்து வச்சுப் பேசும். அலமாரிய நோண்டும், தலையணைய நோண்டும், அரிசி டின்னுக்குள்ளகூட கைய விடும்."

இரத்த அழுத்தம் சரியாக இருந்தது. எல்லாக் கேள்விகளுக்கும் இல்லை என்றாள். மிஸ்ஸி சைனாப் அட்டையை எடுத்து விதிகளைச் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். இருபத்தொரு நாள் நாளுக்கொன்று, ஒரே நேரத்தில். பிறகு ஏழு நாள் இடைவெளி. எட்டாம் நாள் புதிய அட்டை. ஒரு நாள் மறந்தால் நினைவு வந்த உடனே அதை விழுங்கு. இரண்டு நாளோ அதற்கு மேலோ தவறினால் ஏழு நாள் வேறு காப்பும் வேண்டும். கெண்டைக்காலில் வலியோடு வீக்கம், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், திடீரெனப் பார்வை மங்குதல் - இவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்கு ஓடு.

"ஜாங்கான் லுப்பா!" என்று விரலை ஆட்டினார் மிஸ்ஸி. மறக்காதே என்று பொருள். "தினமும் போற இடத்துல வச்சுக்கச் சொல்லுங்க, டீச்சர். அப்பத்தான் ஞாபகம் வரும். பத்திரமான இடமா இருக்கணும்."

லெட்சுமி சற்று யோசித்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"சாமி மேடையில வைக்கலாமா டீச்சர்? மாரியம்மா படத்துக்குப் பின்னால. மேடை ஒசரம், மாமியாவுக்கு முட்டி வலி, ஸ்டூல் ஏற முடியாது. எங்க வீட்டுக்காரரு தண்ணி போடுறதால சாமி பக்கமே வரமாட்டாரு. காலையில நான்தான் வெளக்கு ஏத்துவேன். வெளக்கு ஏத்துனதும் மாத்திரை. எப்படி?"

"மிக நல்ல இடம்," என்றேன் நான்.

எனக்கு அந்த ஏற்பாட்டின் அழகு பிடித்திருந்தது. விளக்கும் மாத்திரையும், வழிபாடும் உடற்காப்பும். என் அட்டை எங்கே இருந்தது தெரியுமா? தையல் இயந்திரத்தின் இழுப்பறையில். மாமியார் இல்லாத வீடு, ஒளிக்கத் தேவையில்லை. எனவே எனக்கு எதையும் யோசிக்கத் தேவையிருக்கவில்லை.

4

ஐந்து மாதம் கழித்து லெட்சுமி மீண்டும் வந்தாள். வாந்தி எடுத்து முகம் வெளுத்திருந்தது. மிஸ்ஸி சோதித்துப் பார்த்தார். மூன்றாம் மாதம் நடந்துகொண்டிருந்தது.

மிஸ்ஸி சைனாப் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். பயம் வந்தால் அவர் திட்டுவார். அது அவர் இயல்பு. "எத்தனை தடவை சொன்னேன்? மறந்துட்டா! நாள் கணக்கா மறந்திருக்கா. கேளுங்க அவளை."

கேட்டேன்.

"இல்ல டீச்சர். என் புள்ளைங்க மேல சத்தியமா ஒண்ணுகூட மறக்கல." பையிலிருந்து காலி அட்டைகளை எடுத்து மேசையில் வைத்தாள். எல்லாக் குழிகளும் வெறுமையாக இருந்தன. "எண்ணிப் பாத்துக்குங்க. எல்லாம் இருபத்தொண்ணு, இருபத்தொண்ணு."

"போஹோங்," என்றார் மிஸ்ஸி. பொய்.

மொழிபெயர்ப்பவர் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்பது என் கொள்கை. "பொய் சொல்கிறாய் என்கிறார்," என்று ஒரு சொல்லும் பிசகாமல் சொன்னேன். அதைவிடக் கொடுமை, உள்ளுக்குள் நானும் அதையே நினைத்தேன். இரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்த பெண், சலிப்பு, இரவு வேலை, மறந்திருப்பாள். இன்றைக்கும் காறித் துப்பத் தோன்றுகிறது, அன்று என் மனம் இருந்த இலட்சணத்தை நினைத்தால்.

லெட்சுமி அழவில்லை. காலி அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். "அப்ப எனக்கு எழுதிக் குடுங்க, பெரியாஸ்பத்திரிக்கு," என்றாள். மிஸ்ஸி எழுதிக் கொடுத்தார். கருவைக் கலைக்க வேண்டுமானால் கணவனை அழைத்து வா என்றார்கள் பெரிய மருத்துவமனையில். கணவன் வரவில்லை. மறு தேதி தந்தார்கள். அந்தத் தேதியில் மருத்துவர் விடுப்பு. இன்னொரு தேதி. இப்படித் தேதிகளால் ஒரு பெண்ணின் வயிறு வளர்ந்தது.

5

லெட்சுமி காலி அட்டைகளோடு வந்துபோன அடுத்த வாரம் எனக்கு விலக்கு. நான் கூடத்தில் இருக்க, பதினான்கு வயது மகள் கயல்விழி சாமி அறையில் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். பள்ளியில் அவளைக் 'கேல்' என்று கூப்பிடுவார்கள். அப்படி யாராவது வீட்டுக்குத் தொலைபேசினால் நான் தவறான எண் என்று வைத்துவிடுவேன். தீக்குச்சியை அணைத்துக்கொண்டே அவள் சொன்னாள்:

"இந்த வாரம் நீங்க வெளிய, நான் உள்ள. அடுத்த வாரம் நான் வெளிய, நீங்க உள்ள. என்னம்மா இது, ஃபேக்டரி ஷிஃப்டா? சாமிக்கு ஓவர்டைம் உண்டா?"

வாயை மூடு என்று சொல்லத்தான் திரும்பினேன். நிலைப்படிக்கு இப்பால் நான் இருந்தேன். அப்பால் சாமி மேடை இருந்தது. அந்த மேடையின்மேல், ஒரு படத்துக்குப் பின்னால், என் மாத்திரை அட்டை இருந்தால் இன்று நான் என்ன செய்வேன்?

அன்று மாலை மூன்று மணிக்குத் தொழிற்சாலை வாசலில் நின்றேன். வேலை நேரம் முடிந்து நீலச் சட்டையில் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். லெட்சுமி என்னைக் கண்டதும் ஒதுங்கப் பார்த்தாள்.

"என்ன டீச்சர், திட்டுனது பத்தலன்னு மிஸ்ஸி உங்கள அனுப்பிச்சாங்களா?"

"இல்ல லெட்சுமி. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஒரு அட்டை முடிஞ்சதும் அடுத்த அட்டையை என்னைக்கு எடுத்தே?"

"தலைக்கு ஊத்திட்டுத்தான். இல்லன்னா சாமி மேடைய எப்படித் தொடுறது?"

"அது எத்தனையாவது நாள்?"

விரல் விட்டு எண்ணினாள். "மாத்திரை நின்னு மூணாவது நாளு வரும். எங்க மாமியா கணக்கு ஏழு நாளு. மத்தவங்க மாதிரி அஞ்சு இல்ல. அது வரைக்கும் மூத்தவதான் ஸ்டூல் ஏறி வெளக்கு ஏத்துவா. அவகிட்ட எடுத்துத் தான்னு சொல்ல முடியுமா, பாட்டிகிட்ட ஊதிடுவாளே? அப்ப... பத்தாவது நாளு. சில மாசம் பதினொண்ணு. ஏன் டீச்சர்? எடுத்த அட்டையில ஒண்ணுகூட விடலையே நான்?"

அவள் பொய் சொல்லவில்லை. இருபத்தொன்றில் இருபத்தொன்றையும் விழுங்கியிருந்தாள். தவறியது அட்டைக்குள் இல்லை. இரண்டு அட்டைகளுக்கு நடுவில். மாத்திரையால் உறங்கிக் கிடக்கும் சினைப்பை ஏழு நாள் வரைதான் பொறுத்திருக்கும். எட்டாம் நாள் மாத்திரை உள்ளே போகாவிட்டால் விழித்துக்கொள்ளத் தொடங்கும். அட்டையின் நடுவில் ஒரு நாள் மறப்பதைக்காட்டிலும் இந்த இடைவெளியை நீட்டுவதுதான் பேராபத்து. உதிரம் நின்றாலும் நிற்காவிட்டாலும் எட்டாம் நாள் எட்டாம் நாள்தான். இதை விதியாக நாங்கள் சொல்லியிருந்தோம். ஆனால் அந்த எட்டாம் நாளில் அவளால் அட்டையைத் தொட முடியுமா என்று யாரும் கேட்கவில்லை. மிஸ்ஸி கேட்காததற்குக் காரணம் உண்டு. அவருக்கு அந்த வழக்கம் தெரியாது. மருத்துவருக்கும் தெரியாது. அங்கே இருந்தவர்களில் தெரிந்தவள் நான் ஒருத்தி. மாதந்தோறும் நிலைப்படிக்கு இப்பால் உட்கார்ந்திருந்தவள் நான். "மிக நல்ல இடம்" என்று சொன்னவளும் நான்.

6

ஆறாம் மாதத்தில் தழும்பு கிழிந்தது. தொழிற்சாலையில், வரிசையில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருக்கும்போது. உடன் வேலை செய்த பெண்கள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எனக்குச் செய்தி வந்து நான் மருத்துவமனையை அடைந்தபோது அவளை அறுவைக்கூடத்துக்கு உருட்டிக்கொண்டு போயிருந்தார்கள். குழந்தை உயிரோடு இல்லை. தாயின் உயிரைக் காக்கக் கருப்பையை எடுத்தாக வேண்டும் என்றார்கள். படிவத்தோடு ஒரு மருத்துவர் நடைவழிக்கு வந்தார். கணவன் அங்கே நின்றிருந்தான், லோரியிலிருந்து நேரே வந்தவன், கையெல்லாம் கரி.

"எங்க போடணும்?" என்று கேட்டான்.

மருத்துவர் காட்டினார். சுவரில் தாளை வைத்து அரை நிமிடத்தில் கையெழுத்துப் போட்டான். இரண்டு ஆண்டுகளாகக் கிடைக்காத கையெழுத்து. அந்தத் தாளைப் பிடுங்கி அவன் முகத்தில் தேய்க்க வேண்டும் போல இருந்தது எனக்கு. அவன் அழுதுகொண்டிருந்தான் என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன். அந்த அழுகை என்னைச் சற்றும் இளக்கவில்லை.

லெட்சுமி பிழைத்தாள். பத்து நாள் கழித்து, எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கும் நிலைக்கு வந்தபோது, கட்டிலருகே உட்கார்ந்து நான் சொன்னேன்.

"லெட்சுமி, சாமி மேடையில வைக்கலாமான்னு நீ கேட்டப்போ நல்ல இடம்னு சொன்னது நான். அது தப்பு. அதனாலதான் உனக்கு இது வந்தது. நீ மறக்கல. நீ பொய் சொல்லல. மிஸ்ஸிகிட்டயும் சொல்லிட்டேன்."

அவள் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"நீங்க சொன்னீங்க, நான் வச்சேன்," என்றாள் கடைசியில். "ரெண்டு பேருமே அந்த ஏழு நாள மறந்துட்டோம் பாத்தீங்களா? அதான் டீச்சர் எனக்கு வயித்தெரிச்சல். நமக்கே அது கணக்குல வரல." பிறகு என் முகத்தைப் பார்த்து, "மூஞ்சிய அப்படி வச்சுக்காதீங்க. அடுத்தவளுக்காவது எழுதி வைங்க. அந்த எஞ்சின் எண்ணெய எல்லாம் எழுதுனீங்கல்ல?" என்றாள்.

எழுதினேன். "மாத்திரை அட்டையைச் சாமி மேடையில் வைக்காதீர்கள், விலக்கு நாள்களிலும் உங்கள் கை எட்டும் இடத்தில் வையுங்கள், உதிரம் நின்றாலும் நிற்காவிட்டாலும் எட்டாம் நாள் தொடங்குங்கள்." அதுதான் பதினான்காவது வரி. மிஸ்ஸி சைனாப்பிடம் பொருளைச் சொன்னேன். அவர் எழுந்தார். பிறகு தம் கையாலேயே அந்தத் தாளை உருட்டச்சு இயந்திரத்தில் பொருத்தினார். ஐந்து ஆண்டுகள் அந்த மை பரவிய மங்கலான தாள் ஒவ்வொரு தமிழ்ப் பெண்ணின் கையிலும் போயிற்று. படித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தவர்கள் பலர். "ஐயோ டீச்சர், என்னுது அங்கதான் இருக்கு!" என்று எழுந்து ஓடிய ஒருத்தியும் உண்டு.

சென்ற ஆண்டு மிஸ்ஸி ஓய்வு பெற்றார். தாள் அச்சுக்குப் போயிற்று. வரி போயிற்று.

7

நிலையத்தின் தலைவர் பங்சாரில் இருக்கிறார். ஓய்வு பெற்ற அதிகாரி, தமிழர். வழவழப்பான தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்தேன். தேநீர் வந்தது.

"டீச்சர், உங்க தமிழ் ஃபர்ஸ்ட் கிளாஸ். அந்த ஒரு வரி மட்டும் கொஞ்சம்... நான் கோயில் கமிட்டியிலயும் இருக்கேன் லா. சாமி மேடை, தீட்டு, இதையெல்லாம் பேப்பர்ல போட்டா நம்மள நாமே கேவலப்படுத்துற மாதிரி. வேற இனத்துக்காரங்க கையில கெடச்சா என்ன நெனைப்பாங்க?"

"அது தமிழில் அல்லவா இருக்கிறது? அவர்கள் எப்படிப் படிப்பார்கள்?"

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. "எதுக்கும்தான். அதான் பொதுவா போட்டுட்டோமே, 'பாதுகாப்பான இடத்தில் வைக்கவும்'னு. ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஐயா, அந்த வீட்டில் சாமி மேடையைவிடப் பாதுகாப்பான இடம் அவளுக்கு இருக்கவில்லை. அதனால்தான் அங்கே வைத்தாள்."

"யாரு டீச்சர்?"

யாரென்று சொன்னேன். கருப்பை, தழும்பு, நடைவழி, கையெழுத்து எல்லாவற்றையும் சொன்னேன். தேநீர்க் கோப்பையை அவர் மெதுவாகக் கீழே வைத்தார். வருந்தினார், உண்மையாகவே வருந்தினார். பிறகு, "அடுத்த அச்சுல பாப்போம்," என்றார். பார்க்கலாம் என்ற சொல்லின் விலை என்னவென்று எனக்குத் தெரியும். எழுந்து வந்துவிட்டேன்.

பேருந்தில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன். பிரிக்பீல்ட்ஸ் கடைவரிசையில் முத்திரை வெட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார். வரியை எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"கம்பெனி பேரு?"

"கம்பெனி இல்லை."

"கம்பெனி இல்லாம எதுக்கு டீச்சர் சாப்? சரி, நம்பர் கிம்பராவது போடவா? கீழ ஒரு கோடு? சும்மா எழுத்து மட்டும் இருந்தா யாரும் மதிக்க மாட்டாங்க."

"ஒரு கட்டம் போடுங்கள். சுற்றிலும் கனமாக."

லெட்சுமியைக் கேட்டபோது அவள் இன்னும் தெளிவாக இருந்தாள். இப்போது அவள் தொழிற்சாலையில் ஒரு வரிசைக்கு மேற்பார்வையாளர். செவ்வாய்க்கிழமைகளில் இரவு வேலை முடிந்து நேரே நிலையத்துக்கு வந்துவிடுவாள். "செவப்பு மை வாங்குங்க டீச்சர். செவப்புல அடிச்சா கவர்மெண்ட் சொன்ன மாதிரி இருக்கும் லா. வழவழன்னு இருக்கு பேப்பர், காயறதுக்கு ஒரு பக்கமா விரிச்சு வைக்கிறேன்." புதிய செவிலியருக்குத் தமிழ் தெரியாது. தாள்களில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று சொன்னபோது அந்தப் பெண் கேட்டது ஒன்றே: "சாப் இருக்கா?" இருக்கும் என்றேன். "அப்ப சரி," என்றாள். இருபது ஆண்டுகளுக்கு முன் என் படிப்பை விழுங்கிய இரப்பர்த் துண்டு இப்போது என் பக்கம் வந்திருந்தது.

திங்கள் மாலை முத்திரையை வாங்கி வந்தேன். புதிதாக எது வீட்டுக்கு வந்தாலும் சாமியிடம் வைத்து எடுப்பது வழக்கம். கைப்பிடியில் குங்குமம் வைத்து, சாமி மேடையில் படத்தின் காலடியில் வைத்தேன். காலையில் எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

செவ்வாய்க் காலை எனக்கு விலக்கு வந்தது.

கணவர் வேலைக்குப் போய்விட்டார். கயல்விழிக்கு இப்போது இருபது வயது, வங்கியில் வேலை, ஏழு மணிக்கே கிளம்பிவிடுவாள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள் என்பதால் இந்தக் குறிப்பை அவள் படிக்கப் போவதில்லை. அவளுடைய வங்கிக்குத் தொலைபேசி, வந்து முத்திரையை எடுத்துத் தரச் சொன்னேன். "அம்மா, ஒரு மரக்கட்டைய எடுக்க யாராச்சும் ஃபோன் பண்ணுவாங்களா?" என்றாள். கட்டையில்லை, முத்திரை என்றேன். "சரி, முத்திரை. உங்க கை எட்டுற இடத்துலதானே இருக்கு?" என்றாள். அவளுக்கு வாடிக்கையாளர் காத்திருந்தார், வைத்துவிட்டாள்.

நிலைப்படியில் நின்றேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒருத்திக்குச் சொன்ன தவறான இடத்தில், அதே கையால், அதே பழக்கத்தால், மீண்டும் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். எழுதிய வரி மூளைக்குப் போயிருக்கிறது, கைக்கு வரவில்லை. எனக்கே இப்படியென்றால், தாளைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போகும் அந்தப் பெண்களுக்கு? தலைவர்மீதும், கையெழுத்துப் போட்டவன்மீதும், தேதி கொடுத்த மருத்துவமனைமீதும் இத்தனை காலம் நான் கொண்ட சினமெல்லாம் வந்து சேர்ந்த இடம் இந்த நிலைப்படிதான். சுங்கை வேயில் லெட்சுமி தாள்களை விரித்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். இரவு முழுவதும் உழைத்த கண்களோடு.

உள்ளே போனேன். முத்திரையை எடுத்தேன். நேற்று நானே வைத்த குங்குமம் விரலில் ஒட்டியது. பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. விளக்கையும் ஏற்றிவிட்டுக் கிளம்பினேன்.